நாற்பத்தோராவது தொப்பி

விழித்திருத்தல் ஓர் அறம். ஈகையைப் போலவும் வீரத்தைப் போலவும் அது பாடப்படுவதில்லை. செய்து முடித்தேன் என்று காட்ட, அதைச் செய்தவர் கையில் ஒன்றும் மிஞ்சுவதுமில்லை. பிறர் நீரில் இறங்கும்போது தாம் இறங்காமல், பிறர் சிரிக்கும்போது தாம் அச்சிரிப்பில் முழுதாய்க் கலவாமல், கடைசித் தலை கரையேறிய பின்னரே கண்ணைத் திருப்பும் அந்த அறத்தை முப்பத்திரண்டு ஆண்டுகள் இடையறாது காத்து வருபவர் ஒருவர் கடியப்பட்டணத்தில் இருக்கிறார். ஆன்றோ என்பது அவர் பெயர். அறுபத்தொரு வயது, ஒடிசலான உடம்பு, வெயிலில் சுருங்கிச் சுருங்கியே சிறுத்துவிட்ட கண்கள்.

அக்கரையில் அலை நேர்முகமாக வந்து மோதும். வள்ளம் தள்ளுவோருக்குத் தம் எதிரே எழும் அலை தெரியும். அதன் பின்னால் ஒளிந்து வருவது தெரியாது. மணல்மேட்டில் நிற்பவருக்கே அது தெரியும். மூன்று பெரிய அலைகள் அடுத்தடுத்து வரும். பிறகு கடல் சற்றே மூச்சு வாங்கும். அந்த ஓய்வுக்குள் வள்ளத்தை இறக்கிவிட வேண்டும், அல்லது ஏற்றிவிட வேண்டும். ஆன்றோ தம் தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டை முறுக்கித் தலைக்குமேல் சுழற்றினாரானால், எல்லாரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்று பொருள். அதைத் தாழ்த்தி ஒரு பக்கம் நீட்டினாரானால், அந்தப் பக்கம் செல்ல வேண்டும். இந்த இரண்டு சைகைகளையும் அவ்வூர்ப் பிள்ளைகள் எழுத்தறியும் முன்பே அறிவர்.

அவர் ஒரே ஒரு முறை கண்ணைத் திருப்பினார். அன்று ஊர்த் திருவிழா. அவருடைய அண்ணன் மரியஜான் இரண்டு பேரோடு கடலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். தேருக்கு முன்னால் வந்த பேண்டு வாத்தியக்காரர்கள் ஒரு புதிய மெட்டைத் தொடங்கினார்கள். இருபத்தொன்பது வயது ஆன்றோ, பல்லவி ஒருமுறை சுற்றி வரும் அளவே, தலையைத் திருப்பி அதைக் கேட்டார். மூன்றாவது அலை வள்ளத்தைப் புரட்டிப் போட்டது. இருவர் நீந்தி வந்தார்கள். மரியஜான் மறுநாள் வந்தான், நீந்தி வரவில்லை. அதன் பிறகு ஆன்றோ எந்த வாத்தியத்தின் பக்கமும் முகம் திருப்பியதில்லை. தம் சொந்த மகன் பெனினின் கல்யாணத்திலும், விருந்துக்கு வந்தவர்களைச் சுவரோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் நன்றாக அறிந்தவள் பெனினின் மனைவி ஜின்சி. பெனின் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறான். போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஜின்சி முந்திரிப் பருப்பு ஆலையில், வாரத்தில் ஆறு நாள், விரல் நுனி கறுக்கக் கறுக்கப் பருப்பு உடைப்பவள். ஏழாம் நாளான ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அவர்களுடைய அன்பியத்தார், அதாவது பங்கின் அவ்வட்டாரத்துக் குடும்பத்தார், ஒரு பேருந்து பிடித்துப் பூதப்பாண்டிக்கு அப்பால் மலையடிவாரத்தில் உள்ள பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போவதென்று முடிவாயிற்று. அந்த ஒரு நாளை ஜின்சி ஒரு மாதம் திட்டமிட்டாள். கைப்பேசியில் காணொளிகள் பார்த்துக் குறிப்பெடுத்தாள். வாசலில் உள்ள விளையாட்டில் எல்லாரும் மொய்ப்பார்களாம். ஆகையால் முதலில் கடைக்கோடிக்குப் போய்விட வேண்டும். பெரிய சறுக்கில் பத்து மணிக்கு முன் ஏறிவிட வேண்டும். பதினொன்றரைக்கே சாப்பாடு. மூன்று மணிக்கு அலைக்குளம். அதை அவள் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கடற்கரையில் பிறந்து கடற்கரையில் வாழ்க்கைப்பட்ட அவள், கணுக்காலுக்குமேல் கடலில் இறங்கியதே இல்லை.

சனிக்கிழமை மாலையில் கோவில் ஒலிபெருக்கி ஓர் எச்சரிக்கை சொல்லிற்று. மறுநாள் கள்ளக்கடல் வரக்கூடும்; வள்ளங்களை மேட்டில் ஏற்றிக் கட்டுங்கள். காற்றும் மழையும் இன்றி, எங்கோ தொலைவில் பிறந்து, சொல்லாமல் கரையேறும் பெருநீருக்கு அக்கரையார் இட்ட பெயர் அது. ஞாயிறு விடியலில், முதல் திருப்பலி முடிந்து ஆன்றோ கடலைப் பார்த்தபோது அது எண்ணெய் தடவியது போல அசையாது கிடந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

பேருந்து புறப்படும் முன் ஜின்சி கையை நீட்டினாள். "மாமா, அந்தத் துண்ட இஞ்ச தாருங்க."

"என்னத்துக்கு மக்கா?"

"இன்னிக்கு அது எனக்கப் பையில கெடக்கட்டு. இன்னிக்கு ஒரு நாளு நீங்க கரையில நிக்கப்பிடாது. சத்தியம் பண்ணுங்க."

"தண்ணியுள்ள எடத்துக்குத் துண்டு இல்லாமலா போவாங்க?"

"அது தண்ணியா மாமா? தொட்டித் தண்ணி. நம்ம வீட்டு அண்டாவுல நின்னு துண்டு வீசுவியளா?"

பேருந்தே சிரித்தது. பயணத்துக்குப் பொறுப்பேற்றிருந்த இளைஞன் அனிஷ் எல்லாருக்கும் மஞ்சள் தொப்பி கொடுத்துக்கொண்டு வந்தான். "பெரியப்பா, தொப்பி பாத்தாப் போதும், நம்மாளு. ஒங்க வேலைய இது பாத்துக்கிடும். நீங்க ஜாலியா இருங்க."

ஆன்றோ துண்டைக் கொடுத்தார். சத்தியமும் செய்தார். பிறகு, பேருந்தில் ஏறியவர்களை உதடசையாமல் எண்ணினார். நாற்பத்தொரு தலைகள். தம்மை அவர் சேர்க்கவில்லை; கரையில் நிற்பவரைக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் அவ்வூரில் இல்லை.

பூங்காவின் வாசலில் வெளிச்சாப்பாட்டுக்குத் தடை என்பதால், காலையுணவாகக் கொண்டுவந்த மரச்சீனிக் கிழங்கையும் மீன்கறியையும் பேருந்திலேயே உண்டு முடித்தார்கள். உள்ளே, உடைமைகளைப் பூட்டிவைக்கும் அறையில், அங்கே வேலை பார்த்த பகவதியம்மாள் என்ற பூதப்பாண்டிக்காரி வேட்டியோடு வந்த ஆன்றோவைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டாள்.

"வேட்டி கெட்டிக்கிட்டு நீச்சலா? இந்தாரும், இந்த நிக்கர மாட்டும்."

"இது பிள்ளைய போடுயதுல்லா?"

"இங்க எல்லாரும் பிள்ளையதான். மாட்டும்வே."

பூப்போட்ட அந்த அரைக்கால் சட்டையில் அவர் வெளியே வந்தபோது, பேத்தி ஜினிஷா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ஜின்சி துண்டை மற்றத் துணிகளோடு பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். பூட்டு விழுந்த ஒலியில் ஆன்றோவின் தோள் ஒருமுறை வெறுமையாய் அசைந்தது.

காலை முழுவதும் ஜின்சியின் திட்டம் பிசகாமல் நடந்தது. கடைக்கோடியிலிருந்து தொடங்கினார்கள். மற்றக் கூட்டம் வரிசையில் வேர்த்து நிற்கையில் இவர்கள் இரண்டு முறை ஏறி இறங்கினார்கள். ஒவ்வொரு விளையாட்டு முடிந்ததும் ஆன்றோ மஞ்சள் தொப்பிகளை எண்ணினார். மரங்களுக்கிடையில், படிகளில், பழரசக் கடையின் முன்னால், எங்கே சிதறினாலும் அம்மஞ்சள் கண்ணில் பட்டது. நாற்பத்தொன்று. எளிதாக இருந்தது, வாழ்நாளில் இவ்வளவு எளிதாக அவர் எண்ணியதில்லை. அவ்வெளிமை தம்மை மெல்ல மெல்லத் தளர்த்துவதை அவர் உணரவில்லை.

பெரிய சறுக்கில் ஜினிஷா அவரை இழுத்து மிதவையில் உட்கார வைத்தாள். இருண்ட குழாய்க்குள் நீர் அவர்களைச் சுழற்றி எடுத்துச் சென்று வெளிச்சத்தில் துப்பியபோது, ஆன்றோவின் வாயிலிருந்து ஒரு பெரிய சிரிப்பு புறப்பட்டது.

"அம்மா! பாட்டா சிரிச்சாச்சு! பாட்டாவுக்குப் பல்லு உண்டும்மா!" என்று ஜினிஷா கத்தினாள்.

ஜின்சி அதைக் கைப்பேசியில் பிடித்துப் பெனினுக்கு அனுப்பினாள். ஆன்றோவுக்கோ தம் சிரிப்பே அயலார் குரல் போலக் கேட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் கேட்ட அந்த மெட்டு, எங்கிருந்தோ, ஒரு கணம் காதில் ஒலித்து மறைந்தது.

நண்பகலுக்கு முன்னும் பின்னுமாக இரு தடவை அவர் அலைக்குளத்தின் ஓரம் நின்று பார்த்தார். நீலம் பூசிய பெருந்தொட்டி. ஒரு பக்கம் சரிவாகத் தொடங்கி மறுபக்கச் சுவரை நோக்கி ஆழும். சங்கு ஊதும். சுவருக்குப் பின்னிருந்து பொறி நீரைத் தள்ளும். பெரிதாய் மூன்று அலைகள், பிறகு தளர்ச்சி, மறுபடி மூன்று. ஆன்றோ வியந்துபோனார்.

"ஏலே அனிஷ், இது நம்ம கடலுக்கக் குட்டில்லா! அதே கணக்கு."

"யாரோ நம்மூர்க்காரந்தான் மோட்டாருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பான் பெரியப்பா."

மூன்று மணிக்கு நாற்பத்தொருவரும் அங்கே கூடினார்கள். வேறு பேருந்துகளில் வந்த கூட்டமும் சேர்ந்து, நீர் தெரியாத அளவுக்கு ஆட்களும் வண்ண மிதவைகளுமாக இருந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு அதிர்ந்தது. அன்பியத்துப் பெண்கள் பலர் சரிவில் காலை நனைத்தபடி உட்கார, ஆண்கள் உள்ளே போனார்கள். ஜினிஷா முழங்கால் நீரில் பாட்டாவின் கையைப் பிடித்து நின்றாள். முதல் அலை வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவது ஆன்றோவின் மார்பில் மோதி அவரைப் பின்னுக்குத் தள்ளியது. அவர் சிரித்துக்கொண்டே கண்ணில் விழுந்த நீரைத் துடைத்தார். அப்போது ஜின்சி கேட்டாள்.

"மாமா, எனக்கு ஒரே ஒரு ஆசை. காலு தரையில படாம ஒரு நிமிசம் நிக்கணும். அந்தா, கயிறு கெட்டியிருக்குல்லா, அதுவரைக்கும் போயி, அதப் பிடிச்சி நின்னுட்டு வரட்டா?"

ஆன்றோ சுவரைப் பார்த்தார். நீர் தளர்ந்திருந்தது. மூன்றும் வந்தாயிற்று. கரையில் ஆயிரம் முறை சொன்ன சொல், அதே உறுதியோடு, அவர் வாயிலிருந்து வந்தது.

"இப்ப போ மக்கா. மூணும் வந்தாச்சு."

அவள் போனாள். கடல் தான் வாங்கும் மூச்சைக் கைவிடுவதில்லை என்று அவர் அறிவார். பொறிக்கு மூச்சு இல்லை என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. கூட்டம் மிகுந்ததைக் கண்டு, அதை மகிழ்விக்கக் கருதி, பொறியை இயக்குபவன் அந்தத் தடவை ஓய்வே விடவில்லை. நான்காவது அலை எழுந்தது. அதன் முதுகிலேயே ஐந்தாவதும், அதைவிடப் பெரிதாக, எழுந்தது. குளம் முழுவதும் ஒரே கூச்சல், மகிழ்ச்சிக் கூச்சல். மிதவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கயிற்றோரம் குவிந்தன.

ஆன்றோவின் சிரிப்பு நின்றது. அவர் எண்ணினார். சரிவில் பதினாறு. இடப்புறம் ஒன்பது. நடுவில் பதினொன்று. கயிற்றோரம் ஐந்து. நாற்பத்தொன்று. மூச்சு திரும்பியது. முகத்தைத் துடைத்துக்கொண்டார். இருந்தும் கண்ணை எடுக்கவில்லை.

கயிற்றோரம் இருந்த ஐந்தாவது தொப்பி, சாதுவாக, ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு மல்லாந்தது. அதன் உட்புறம் வானத்தைப் பார்த்தது. அதில் சிறிது நீர் இருந்தது, தலை இல்லை.

அவர் தலைகளை எண்ணவில்லை, தொப்பிகளை எண்ணியிருந்தார்.

கை தோளுக்குப் போயிற்று. அங்கே துண்டு இல்லை. அவர் ஈரச் சட்டையைப் பொத்தான் தெறிக்கக் கழற்றி, முறுக்கி, தலைக்குமேல் சுழற்றினார். பாட்டின் அதிர்வில் அவர் குரல் யாருக்கும் எட்டவில்லை. சட்டையில்லாத கிழவர், பூப்போட்ட அரைக்கால் சட்டையில், துணி சுழற்றுவதைக் கண்ட அயலார்க்கு அது ஆட்டமாகவே தோன்றிற்று. அவர்களில் சிலர் விசிலடித்தார்கள். சிலர் தம் சட்டையையும் கழற்றிச் சுழற்றினார்கள். குளத்தின் காவலுக்கு நின்ற ஜிபின் என்ற இளைஞன், "பாட்டா, ஆடுயது எல்லாம் மேல வந்து ஆடுங்க!" என்று சிரித்தான். ஒரு நொடியில் குளமெங்கும் நூறு துணிகள் சுழன்றன.

அவற்றின் நடுவே மஞ்சள் தொப்பிகள் மட்டும் நின்றன. அனிஷ் நின்றான். மிதவையில் கிடந்தவர்கள் இறங்கி நின்றார்கள். சரிவில் இருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். எவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. எல்லாக் கண்களும் கரையை நோக்கின. ஆன்றோ சட்டையைத் தாழ்த்திக் கயிற்றின் பக்கம் நீட்டினார்.

ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கரைமடி இழுக்கும்போது வலையின் இரு கைகளையும் இரு பக்கமிருந்து குவித்து வருவார்களே, அவ்வாறே ஆண்கள் இரு வரிசையாகக் கைகோத்து, காலால் தரையைத் துழாவிக்கொண்டு, குறுக்கே வந்த அயலாரைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு கயிற்றை நோக்கி நெருங்கினார்கள். ஆறாவது அலை அவர்கள் தலைக்கு மேலே போயிற்று. கை விடவில்லை. ஆன்றோ சரிவில் நின்று, அழத் தொடங்கிய ஜினிஷாவின் தலையை வயிற்றோடு அணைத்தபடி, அந்த மல்லாந்த தொப்பியிலிருந்து கண்ணை எடுக்காது நின்றார். உதடுகள் செபம் சொல்லவில்லை. "திருப்பமாட்டேன், திருப்பமாட்டேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தன.

குவிந்த மிதவைகளின் கீழே அனிஷின் கால் ஒரு துணியில் தட்டியது. அவன் மூழ்கினான். அவன் எழுந்தபோது அவன் கையில் ஜின்சி இருந்தாள். அவள் மணிக்கட்டில் சாவி தொங்கியது. அப்போதுதான் ஜிபின் முகம் வெளிறி விசில் ஊதினான். பொறி நின்றது. பாட்டு நின்றது. நூறு துணிகளும் ஒவ்வொன்றாய்த் தாழ்ந்தன.

கரையில் அவளைக் கிடத்தினார்கள். ஜிபின் பயின்றிருந்த முறைப்படி அவள் நெஞ்சை அழுத்தினான். ஆன்றோ எண்ணினார். அந்த எண்ணிக்கை எங்கே முடியும் என்பது அவருக்குத் தெரியவில்லை. இருபத்தேழு என்னும்போது ஜின்சியின் வாயிலிருந்து நீர் வந்தது. பிறகு ஓர் இருமல். பிறகு, மெல்லியதாக, அழுகை.

மருத்துவமனையில் இரண்டு மணி நேரம் வைத்திருந்து பார்த்தார்கள். நெஞ்சில் நீர் தங்கவில்லை என்றும், இரவு மூச்சுத் திணறினால் உடனே வரவேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். கட்டிலருகே ஆன்றோ நின்றார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

"நாந்தான் மக்கா எறங்கச் சொன்னேன்."

"கேட்டது நான்லா மாமா."

"கேட்டா? எனக்கு வேண்டாம்னு சொல்லத் தெரியாதா? சிரிச்சிட்டு நின்னேன். அன்னைக்கு அண்ணனுக்கும் இப்படித்தான்."

ஜின்சியின் தொண்டை புண்ணாகியிருந்தது. கிழிந்த குரலில் சொன்னாள்: "அன்னைக்குப் பாக்கல்ல. இன்னிக்குப் பாத்தியள்லா." சற்றுக் கழித்து, "காலு தரையில படல்ல மாமா. ஒரு நிமிசம் இருக்கும். நல்லாத்தான் இருந்து, கொள்ளாம்" என்றாள். அவர் அழுதார், அழுகையினூடே, தம்மை அறியாமல், சிரித்தும்விட்டார்.

பூங்காவிலிருந்து பேருந்து மருத்துவமனை வாசலுக்கே வந்தது. பகவதியம்மாள் மாற்றுச் சாவியால் பெட்டியைத் திறந்து, துணிகளை மடித்துப் பேருந்தில் கொடுத்தனுப்பியிருந்தாள். சிவப்புத் துண்டு மேலாக இருந்தது. ஜின்சி அதை எடுத்து மாமனாரின் தோளில் போட்டாள். "இனி இத நான் கேக்கமாட்டேன்." அவர் படிக்கட்டின் அருகே நின்று, இம்முறை ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணினார். கடைசியாக ஜின்சி ஏறினாள். நாற்பத்தொன்று. அவள் உள்ளே போகாமல் திரும்பி நின்று, விரலால் அவர் நெற்றியைத் தொட்டாள்.

"நாப்பத்திரெண்டு. ஏறுங்க மாமா."

அவர் அசையாது நின்றார். அவ்வூரில் எவரும் அவரை எண்ணியதில்லை.

ஊர் வந்து சேர்ந்தபோது அந்தி. காற்று இல்லை. மரத்தில் ஓலை அசையவில்லை. ஆனால் கடற்கரைச் சாலை பளபளவென்றிருந்தது. காலையில் அசையாது கிடந்த கடல், ஓசையில்லாமல், சாலைவரை வந்திருந்தது. மேட்டில் கட்டிய வள்ளங்களுள் இரண்டு மிதக்கத் தொடங்கியிருந்தன. அனிஷும் மற்றவர்களும் பேருந்து நிற்கும் முன்பே குதித்து ஓடினார்கள். ஆன்றோ மணல்மேட்டில் ஏறித் துண்டை முறுக்கினார். ஓர் அலை வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் வந்தன. நீர் தளர்ந்தது. வள்ளத்தில் கைவைத்து நின்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் துண்டைத் தாழ்த்தவில்லை. நான்காவதற்குக் காத்திருந்தார். அது வந்தது, எல்லாவற்றினும் பெரிதாக வந்தது, எவரையும் தொடாமல் திரும்பியது. அதன் பின்பே துண்டு தாழ்ந்தது. வீட்டு வாசலில், மகளை அணைத்து நின்ற ஜின்சி, மேட்டில் நின்ற அந்த ஒற்றை உருவத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சொல்லாமல் வரும் நீர் அந்த வீட்டின் படியைக் கடவாதிருப்பதாக. அங்கே அடுப்பு அவியாதிருப்பதாக. கடல் கடந்து போன பெனின் நலத்தோடு மீண்டு வந்து, தன் மனைவியின் குரலைக் குறையின்றிக் கேட்பானாக. ஜினிஷா தன் பாட்டாவின் சிரிப்பை இன்னும் பலமுறை கண்டு கூவுவாளாக. அவ்வில்லத்தில் தலைகளை எண்ணும்போது, எண்ணுகிறவரின் தலையும் என்றும் விடுபடாதிருப்பதாக. கடல்மேல் ஒளிரும் விண்மீனாகிய தேவ அன்னை, உறங்காத தன் கண்களுக்குள் அவர்கள் அனைவரையும் வைத்துக் காப்பாளாக.